முதல் கிறிஸ்துமஸ், சின்ன அடுக்களை, 25 பேர்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கும் புரியும். கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ். சென்னையில் இரண்டாவது மாடி வாடகை வீடு, இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு சின்ன ஓவன். நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். 25ஆம் தேதி மதியம் இரண்டு பக்கத்துச் சொந்தமும் நண்பர்களுமாக 25 பேர் சாப்பிட வருகிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரமும் கொடுக்க வேண்டும். வீட்டில் எதைச் செய்யலாம், எப்போது ஆரம்பிக்கணும், அடுக்களையை எப்படித் தயார் பண்ணுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அம்மா வழி நாகர்கோவில். இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு டிசம்பரும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருக்கிறேன், அதில் பத்து வருடம் உங்களைப் போலவே சென்னையில் சின்ன அடுக்களையில். அதனால் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். எல்லாரும் பலகாரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள், நீங்கள் தட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு தாளை எடுத்து, எந்தெந்த வீட்டுக்குத் தட்டு போகிறது என்று எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் முட்டை சாப்பிடுவார்களா என்று குறியுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சென்னைக்கு வந்த முதல் வருடம் அச்சு முறுக்கும் கேக்கும் அடுக்கி எதிர்வீட்டு மாமியிடம் நீட்டினேன், தீபாவளிக்கு அவர் கொடுத்த அதே எவர்சில்வர் தட்டில். "இதுல முட்டை இருக்காம்மா?" என்று வாசலிலேயே கேட்டார். கேக்கில் மட்டுமில்லை, முறுக்கிலும் இருந்தது. சிரித்துக்கொண்டே ஒரே ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, யோசிக்காமல் போனது நான்.

இன்னொன்றும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழிக்குள்தான் வரும். மற்ற மாதங்களில் முட்டையும் கறியும் சாப்பிடுகிற பல வீடுகளில் அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள், சிலர் மார்கழி முழுக்கச் சைவம். பக்கத்தில் முஸ்லிம் வீடு இருந்தால் ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக்கை அங்கே கொடுக்க முடியாது. அதனால் என் வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன்: எண்ணெயில் சுடுகிற எதிலும் முட்டை கிடையாது, கேக்கில் சாராயம் கிடையாது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் எந்த வீட்டுக்கு எந்தத் தட்டு என்று கடைசி நேரத்தில் குழம்ப வேண்டியதில்லை. முட்டை வேண்டாத வீட்டுக்குக் கேக்கை எடுத்துவிட்டு இன்னும் நாலு முந்திரிக்கொத்து வைத்தால் போதும்.

இப்போது எதைச் செய்வது? மூன்று போதும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கேக். கை முறுக்கு, மிக்சர் எல்லாம் கடையில் வாங்குங்கள், யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. தூத்துக்குடி மக்ரூன் வேண்டுமென்றால் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். முந்திரிப் பருப்பும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும்தானே, என்ன பிரமாதம் என்று ஒரு டிசம்பரில் நானே முயன்றேன். சென்னையின் ஈரக்காற்றில் அது காயவே இல்லை, தட்டில் ஒட்டிக்கொண்டு பசை மாதிரி கிடந்தது. அதிரசம் இந்த வருடம் வேண்டாம். பாகுப்பதம் கைக்கு வர இரண்டு மூன்று தடவை கெட்டுப்போக வேண்டும், மாமியார் வீட்டார் வருகிற முதல் கிறிஸ்துமஸ் அதற்கு ஏற்ற நாள் இல்லை. கல்கல் என்கிற சின்னச் சுருள் பலகாரம் ஆசையாக இருந்தால், மாவை முள்கரண்டியின் முதுகில் வைத்து உருட்ட வீட்டில் நாலு குழந்தைகள் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். தனி ஆளாக ஒரு கிலோ மாவை உருட்டி முடிப்பதற்குள் விரல் நுனி மரத்துவிடும்.

வரிசைக்கு ஒரே ஒரு கணக்குதான். காய்ந்தது முதலில், ஈரமானது கடைசியில். எண்ணெயில் பொரித்தவை டின்னில் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை நிற்கும். சாராயம் இல்லாத கேக் ஒரு வாரத்துக்கு மேல் வெளியில் நிற்காது. அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு வார இறுதிகளில் முதலாவதை எண்ணெய்க்கும் இரண்டாவதை ஓவனுக்கும் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் சின்ன அடுக்களை தாங்காது. ஒரு பக்கம் எண்ணெய்ப் புகை, இன்னொரு பக்கம் ஓவன் சூடு, நடுவில் முட்டை அடிக்க இடமில்லாமல் நிற்பீர்கள்.

எண்ணெய் வாரத்துக்கு முன்னால், டிசம்பர் முதல் வாரத்திலேயே, சில வேலைகளை முடித்துவிட வேண்டும். சிலிண்டர் முதலில். 14.2 கிலோ சிலிண்டர் சாதாரணமாக உங்கள் இருவருக்கு எத்தனை நாள் வரும் என்று தெரியும், அந்தக் கணக்கு டிசம்பரில் செல்லாது. மாற்றுச் சிலிண்டர் நிரம்பி இருக்க வேண்டும். 24ஆம் தேதி இரவு குழம்பு பாதியில் நிற்கும்போது அடுப்பு நீலத்திலிருந்து மஞ்சளாகித் துடித்து அணைவதைப் பார்க்கிற வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சரி, அப்புறம் டின்கள். பழைய பிஸ்கட் டின், எவர்சில்வர் தூக்கு, என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் கழுவி ஒரு முழு நாள் வெயிலில் காய வையுங்கள். மூடியின் ஓரத்து மடிப்பில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் மொத்தமும் நமுத்துவிடும். சமையல் மேடையில் தினமும் தொடாத மிக்ஸி ஜார், ஊறுகாய் வரிசை, மைக்ரோவேவ் எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்குப் படுக்கையறையில் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு முழம் மேடை கிடைக்கும், உங்களுக்கு அந்த ஒரு முழம்தான் வேண்டும்.

ஊர்ப் பழக்கத்தில் அடுப்பைத் தரையில் இறக்கி வைத்து உட்கார்ந்து சுடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். விறகடுப்புக் காலத்தில் அது சரி. கேஸ் அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில்தான் இருக்க வேண்டும், தரையில் வைக்கக்கூடாது. கால் வலித்தால் ஒரு உயரமான ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரிசி மாவு. பாக்கெட் மாவிலும் அச்சு முறுக்கு வரும், ஆனால் பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, கையில் லேசாக ஈரம் ஒட்டுகிற பதத்தில் அரைத்து வருகிற மாவில் இருக்கிற மொறுமொறுப்பு வேறு. மில்லுக்குக் காலையில் போங்கள். உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் அரிசியைக் கொட்டினால் ரோஜா நிறத்தில் மாவு வரும், முறுக்கு தின்றவர்கள் தண்ணீர் கேட்பார்கள். அரைத்த மாவைச் சலித்து, வெறும் சட்டியில் கோலம் போட வருகிற அளவுக்கு வறுத்து ஆற வைத்துவிடுங்கள். மழை நாளில் அரிசியை உலர்த்தாதீர்கள், அது உலராது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது என்பது சென்னைக்காரர்களுக்கு மறந்துவிடுகிறது, எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது. 2023இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் மூழ்கின, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வருடம் எங்கள் தெருவில் பலகாரத்துக்கு என்று வைத்திருந்த அரிசியெல்லாம் ஊறிப் பொங்கி வீணாகப் போனது.

இனி முந்திரிக்கொத்து. பெயரைப் பார்த்து முந்திரிப் பருப்பு வாங்கிவிடாதீர்கள், அதில் முந்திரியே கிடையாது. முந்திரி என்றால் எங்கள் பக்கத்துப் பழைய பேச்சில் திராட்சை. மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அரைக் கிலோ சிறுபயறை மிதமான தீயில் வாசம் வரும் வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து எடுத்துவிட்டு, ரவையை விடக் கொஞ்சம் நைசாகப் பொடிக்க வேண்டும். புடைக்கத் தெரியாதா? தோல் நீக்கிய பாசிப்பருப்பை வறுத்துப் பொடியுங்கள், என் அம்மா மூக்கைச் சுளிப்பார், மற்றபடி வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒரு தேங்காயைத் துருவி வெறும் சட்டியில் போட்டு, பொறுமையாக, ஈரம் முழுக்கப் போய் ஓரம் சிவக்கும் வரை வறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஆயுள் இருக்கிறது. தேங்காயில் ஈரம் மிச்சமிருந்தால் நாலாம் நாள் உள்ளே ஊசிப்போன வாடை அடிக்கும், நன்றாக வறுத்திருந்தால் பத்து நாள் தாராளம். கால் கிலோவுக்கும் கொஞ்சம் மேலே கருப்பட்டியும் வெல்லமும் கலந்து, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சுங்கள். கருப்பட்டியில் மண் கட்டாயம் இருக்கும், வடிகட்டாமல் விடவே விடாதீர்கள். பிசுபிசுப்புத் தாண்டிக் கம்பிப் பதம் வந்ததும் இறக்கி, பயற்றம்பொடி, தேங்காய், வறுத்த எள் ஒரு கைப்பிடி, ஏலக்காய், சுக்குப் பொடி எல்லாம் சேர்த்துக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்துவிடுங்கள். ஆறினால் உதிரும். உதிர்ந்தால் பதறாமல் ரெண்டு ஸ்பூன் வெந்நீர் தெளித்துப் பிடியுங்கள், ஆனால் அந்த உருண்டைகளைத் தனியாக வைத்து வீட்டிலேயே முதலில் தின்று தீர்த்துவிடுங்கள், அவை நாள் தாங்காது.

உருண்டைகள் ஒரு ராத்திரி மூடாமல் கிடக்கட்டும், இறுகும். மறுநாள் ஒரு கப் அரிசி மாவு, கால் கப் மைதா, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து பஜ்ஜி மாவை விடக் கொஞ்சம் தளர்வாகக் கரைத்துக்கொள்ளுங்கள். மூன்று உருண்டையை ஒன்றாக விரல்களில் பிடித்து முக்கி, விரலை விடாமல் எண்ணெய்க்கு மிகக் கிட்டே கொண்டுபோய் வழுக்க விடுங்கள். தூரத்திலிருந்து போட்டால் மூன்றும் மூன்று திசைக்கு ஓடும், எண்ணெயும் கையில் தெறிக்கும். உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான், மேல்மாவு வெந்து மஞ்சளாக விறைத்தால் போதும், சிவக்க விட வேண்டாம்.

அதே எண்ணெயில் மறுநாளோ அன்று மாலையோ அச்சு முறுக்கு. முந்திரிக்கொத்து சுட்ட எண்ணெயில் கொஞ்சம் மாவுத்தூள் படிந்திருக்கும், வடிகட்டிவிட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் முறுக்கில் கரும்புள்ளி ஒட்டும். இரண்டு கப் அரிசி மாவு, அரை கப் மைதா, முக்கால் கப் பொடித்த சீனி, உப்பு, கறுப்பு எள். முட்டைக்குப் பதிலாக நான் எதுவும் சேர்ப்பதில்லை, தேங்காய்ப்பாலைக் கெட்டியாக எடுத்து அதிலேயே கரைப்பேன். முட்டை போட்டதை விடக் கொஞ்சம் சுலபமாக உடையும், அவ்வளவுதான். தோசை மாவை விடக் கொஞ்சம் தண்ணியாக இருக்க வேண்டும். அரிசி மாவு அடியில் போய் உட்கார்ந்துகொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு முக்குங்கள்.

அச்சுதான் இதில் எல்லாம். புது அச்சு வாங்கினால் ஒரு நாள் அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு, துடைத்து, அடுத்த நாள் முழுக்க நல்லெண்ணெயில் ஊற விடுங்கள். முடிந்தால் புதிது வாங்காதீர்கள், சொந்தத்தில் யாராவது ஒரு பெரியம்மாவிடம் கறுத்துப்போன அச்சு ஒன்று இருக்கும், அதை இரவல் கேளுங்கள். எண்ணெய் காயும்போதே அச்சையும் உள்ளே வைத்து ஐந்து நிமிடம் சூடேற்றி, எடுத்து, ஒரு உதறு உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் இறக்குங்கள். சுர்ரென்று சத்தம் வர வேண்டும். மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டிவிட்டால் முறுக்கு கழலாது, அச்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே கருகும். சத்தமே வரவில்லை என்றால் அச்சு ஆறியிருக்கிறது, மாவு வழுக்கிப் போய்விடும். சத்தம் அதிகமாகி மாவு பாத்திரத்திலேயே வெந்து கழன்று விழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது. எண்ணெயில் இறக்கிப் பத்து எண்ணியதும் லேசாக ஆட்டுங்கள், ஓரத்தை ஒரு கம்பியால் தட்டினால் பூ மாதிரி விட்டுப் பிரியும். முதல் நாலைந்து உடையும், ஒட்டும், கோணும். எங்கள் வீட்டில் அந்த நாலைந்துக்காகவே சின்னப் பிள்ளைகள் அடுக்களை வாசலில் காத்திருப்பார்கள். எடுத்தவுடன் மெத்தென்று இருக்கிறதே என்று திரும்ப எண்ணெயில் போட்டுவிடாதீர்கள், ஆறினால்தான் மொறுமொறுக்கும்.

எண்ணெய் பொங்கி வழிகிற மாதிரி இருந்தால் சுண்டைக்காய் அளவு புளியை உள்ளே போடுவது ஊர் வழக்கம், நான் இன்றும் செய்கிறேன். மிச்ச எண்ணெயைக் கிறிஸ்துமஸ் வரை திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். தாளிக்க ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், கறுத்ததைக் கொட்டத்தான் வேண்டும், ஆனால் சிங்க்கில் அல்ல. குளிர வைத்துப் பாட்டிலில் அடைத்துப் போடுங்கள்.

அடுக்கும்போது இரண்டு விஷயம். முழுக்க ஆறாமல் டின்னை மூடாதீர்கள், செய்தித்தாளை உள்ளே போடாதீர்கள், மை ஒட்டும், வெள்ளைத் தாள் போதும். முறுக்கையும் கேக்கையும் ஒரே டின்னில் வைக்கவே கூடாது, கேக்கின் ஈரத்தை முறுக்கு உறிஞ்சி நமுத்துப்போகும், கேக் விறைத்துப்போகும், இரண்டும் கெடும். எறும்புக்கு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டின்னை வைத்தால் வேறு மருந்து எதுவும் வேண்டாம்.

இனி ஓவன் வாரம். பிளம் கேக்கிலும் பிளம் கிடையாது, பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சையைத்தான் அந்தச் சொல்லால் குறித்தார்கள். நம் பக்கத்தில் இந்தக் கேக்குக்கு வயது கொஞ்சம் அதிகம். 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காக முதல் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்ததாக அங்கே பெருமையாகச் சொல்வார்கள். என் சிறுவயதில் பாளையங்கோட்டையில் யார் வீட்டில் ஓவன் இருந்தது? மைதா, சீனி, வெண்ணெய், முட்டை, பழம் எல்லாவற்றையும் கூடையில் வைத்துப் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம், அவர்கள் மாவு அடித்துச் சுட்டுக் கொடுப்பார்கள், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட வரிசை நிற்கும். தட்டில் பெயர்ச் சீட்டு ஒட்டி வைப்பார்கள். ஒரு வருடம் எங்கள் சீட்டு சூட்டில் உரிந்து விழுந்துவிட்டது. அரைக் கிலோ முந்திரிப் பருப்பு போட்டுக் கொடுத்த அப்பா வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் டூட்டி ஃப்ரூட்டி. எங்கள் கேக்கை யாரோ சந்தோஷமாகத் தின்றிருப்பார்கள். ஜனவரி வரை அப்பா அதையே பேசிக்கொண்டிருந்தார்.

அளவு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம். 250 கிராம் மைதா, 250 வெண்ணெய், 250 பொடித்த சீனி, ஐந்து முட்டை. கூடவே 400 கிராம் பழம், பருப்பு. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கேக் வரும், ஏழு அங்குலத் தட்டு இரண்டில் ஊற்றலாம். உங்களுக்கு இதைப் போல இரண்டு மடங்கு தேவைப்படும், ஆனால் ஒரே தடவையில் அடிக்காதீர்கள், சனிக்கிழமை ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. பழத்தை ரம்மில் ஊற வைப்பவர்கள் நவம்பர் கடைசியிலேயே போட்டு வைப்பார்கள். நீங்கள் கறுப்புத் திராட்சைச் சாறும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்து, உலர்திராட்சை, பேரீச்சம்பழம், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்புப் பொடியோடு பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஆற வைத்துப் பிரிட்ஜில் மூன்று நாள் வைத்தால் போதும். சாறில் ஊறுவதை மாதக்கணக்கில் வைக்கக்கூடாது, சென்னை வெப்பத்தில் நுரைத்துவிடும்.

கேக்கின் கறுப்பு நிறம் கருக்கிய சீனியில்தான் இருக்கிறது, இங்கே அவசரப்படாதீர்கள். 100 கிராம் சீனியை அடிகனமான சட்டியில் தண்ணீர் இல்லாமல் உருக விடுங்கள். முதலில் தேன் நிறம், பிறகு செம்பு, பிறகு திடீரென்று கறுத்து, ஓரத்திலிருந்து மெல்லிய புகை எழும். அந்தப் புகையைக் கண்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அரை டம்ளர் கொதிக்கிற வெந்நீரை ஓரமாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சீனி வெடித்துத் தெறிக்கும், அந்தச் சூடு தோலில் ஒட்டினால் உரிந்து வரும். குழந்தைகள் அந்த ஐந்து நிமிடம் அடுக்களையில் இருக்கக்கூடாது. ஆறியபின் கருப்பட்டிக் காப்பி நிறத்தில், நாக்கில் வைத்தால் லேசாகக் கசக்க வேண்டும். கசப்பே இல்லையென்றால் கேக் பழுப்பாகத்தான் வரும்.

வெண்ணெய், முட்டை இரண்டும் பிரிட்ஜிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னாலேயே வெளியே வந்திருக்க வேண்டும், குளிர்ந்த முட்டையை வெண்ணெயில் ஊற்றினால் திரிந்துவிடும். திரிந்தால் ஒரு ஸ்பூன் மைதா போட்டு அடியுங்கள், கூடிவரும். பழத்தைக் காய்ந்த மைதாவில் புரட்டிச் சேருங்கள், இல்லையென்றால் எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சின்ன ஓவனில் மேல்கம்பி கேக்குக்கு மிகக் கிட்டே இருக்கும், அதனால் 150 டிகிரியில் வைத்து, முக்கால் மணி நேரம் ஆனதும் மேலே அலுமினியத் தாள் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்திலிருந்து குச்சி விட்டுப் பார்க்க ஆரம்பியுங்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். வெட்ட ஆசையாக இருக்கும், ஒரு நாள் பொறுங்கள், சூடாக வெட்டினால் உதிர்ந்துவிடும்.

விருந்துச் சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரியாணியை வெளியில் சொல்லிவிடுங்கள். 25 பேருக்கு இரண்டரைக் கிலோ சீரகச் சம்பா, மூன்று கிலோவுக்கு மேல் கறி, அந்த அண்டா உங்கள் இரண்டு பர்னர் அடுப்பில் உட்காராது. உட்கார்ந்தாலும் அடி கருகும், மேலே வேகாது. வீட்டில் சிக்கன் பொரியல், தயிர்ப் பச்சடி, மாலை போட்டவர்கள் யாராவது வந்தால் அவர்களுக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. அந்தச் சைவச் சட்டியை முதலில் முடித்து மூடித் தனியாக வையுங்கள், கரண்டியும் தனி. காலையில் ஆராதனை முடிந்து வருகிற பசிக்கு எங்கள் ஊரில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச்சில் விடியக்காலை ஆராதனை முடிந்து நடந்து வரும்போது ஒவ்வொரு தெருவிலும் அந்தக் குழம்பு வாசம் வரும், அதற்குமேல் எனக்குக் கிறிஸ்துமஸுக்கு வேறு அடையாளம் வேண்டாம். குழம்பை 24 சாயங்காலமே வைத்துவிடுங்கள், மறுநாள்தான் ருசி கூடும். கறியை 23ஆம் தேதியே சொல்லி வைத்துவிட்டு, 24 காலையிலேயே போய் வாங்குங்கள், சாயங்காலம் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. மார்கழிக் குளிரில் இட்லி மாவு மெதுவாகத்தான் பொங்கும், வழக்கத்தை விட நாலு மணி நேரம் முன்னால் ஆட்டுங்கள். இஞ்சி பூண்டு விழுது 22ஆம் தேதி, வெங்காயம் உரித்தது 23ஆம் தேதி. 24 ராத்திரி அடுப்பில் பால் மட்டும் இருக்கட்டும்.

அந்தப் பால் எதற்கு என்றால், கீத பவனிக்கு. உங்கள் சபையிலிருந்து கேரல் பாட எந்த ராத்திரி வருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து பேர் என்பார்கள், முப்பது பேர் வருவார்கள், மணி பன்னிரண்டரை இருக்கும், கிட்டாரும் டிரம்மும் மாடிப்படியில் ஏறும்போதே கீழ்வீட்டில் விளக்கு எரியும். ஒரு பெரிய பிளாஸ்க்கில் பால் விட்ட சுக்குக் காப்பி, காகிதக் கப் ஐம்பது, வெட்டி வைத்த கேக். முதலில் கீழ்வீட்டாருக்கு ஒரு நாள் முன்னாலேயே சொல்லி, தட்டையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அச்சு முறுக்கு வாயில் இருக்கும்போது யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கொடுத்த தட்டுகள் திரும்பி வரும், எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வராக இருக்கும். அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள். வெறும் தட்டாக வராது, பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு வருவதும் உண்டு, அதனால் ஜனவரி பாதி வரை உங்கள் அலமாரியில் நாலு தட்டு குறைந்தே இருக்கும். இரவல் வாங்கிய அச்சை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிடாதீர்கள். சூட்டோடு துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, தாளில் சுற்றிப் பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுங்கள். சோப்பு பட்டிருந்தால் அடுத்த வருடம் முதல் முறுக்கிலேயே அவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் கேட்டால் தரமாட்டார்.